கால் தசை படிக்கிறவங்களுக்கு: டேபிளை கடைசியா வச்சுக்கோங்க

முதல் வருஷம் அனாட்டமில லோயர் லிம்ப் ஆரம்பிச்சதும் எல்லாரும் பண்றது ஒண்ணுதான், தசை பேரு, ஒரிஜின் (தசை ஆரம்பிக்கற இடம்), இன்சர்ஷன் (போய் ஒட்டுற இடம்), நெர்வ், ஆக்ஷன்னு கட்டம் போட்டு மனப்பாடம் பண்ண உக்காந்துடுவாங்க. நான் பிசியோதெரபி படிச்சவ, இப்ப ஜூனியர்ஸ் கேட்டா முதல்ல சொல்றது அந்த டேபிளை கடைசிக்கு தள்ளி வைங்கன்னுதான். ஒரு தசைய எடுத்தா ரெண்டே கேள்வி கேளுங்க, இது எந்த எந்த மூட்டைத் தாண்டுது, மூட்டுக்கு எந்தப் பக்கமா தாண்டுது. இது தெரிஞ்சா ஆக்ஷன் தானா வரும்.

தொடை முன்னாடி இருக்கற குவாட்ரிசெப்ஸ்ல நாலு தசை, அதுல வாஸ்டஸ்னு பேர் வர்ற மூணும் ஃபீமர்ல (தொடை எலும்பு) ஆரம்பிக்குது, முட்டியை மட்டும்தான் தாண்டுது, அதனால முட்டிய நீட்டுற வேலை மட்டும். ரெக்டஸ் ஃபெமோரிஸ் இடுப்பெலும்புலேயே ஆரம்பிச்சு வருது, அப்ப ரெண்டு மூட்டைத் தாண்டுது, அதனால தொடைய மேல தூக்கும், முட்டியையும் நீட்டும். பாருங்க, எதையும் மனப்பாடம் பண்ணல.

இங்க நிறைய பேருக்கு ஒரு குழப்பம் வரும். இடுப்புல முன்பக்கம் இருக்கற தசை மடக்குது, முட்டில முன்பக்கம் இருக்கறது நீட்டுதே, ஏன்னு. கரு வளரும்போது கால் உள்பக்கமா திரும்பிடுது, அதனாலதான் முட்டியை நீட்டுற தசை முன்னாடியும் மடக்குற தசை பின்னாடியும் வந்துடுச்சு. இதை ஒரு தடவ புரிஞ்சுகிட்டா அப்புறம் மறக்கவே மறக்காது, வைவால (வாய்மொழித் தேர்வு) கேட்டாலும் தைரியமா சொல்லலாம்.

அடுத்தது உங்க கால்லயே தொட்டுப் பாத்து படிங்க, இதைவிட நல்ல ஸ்பெசிமென் எந்த லேப்லயும் கிடைக்காது. நாற்காலில உக்காந்து குதிகாலால நாற்காலி காலை பின்னாடி அழுத்துங்க, முட்டிக்குப் பின்னாடி வெளிப்பக்கம் கயிறு மாதிரி ஒண்ணு விறைச்சு நிக்கும், அது பைசெப்ஸ் ஃபெமோரிஸ்ங்கற பின்தொடை தசையோட டெண்டன் (தசைநாண்). அதை விரலால பிடிச்சுட்டே கீழ வாங்க, ஒரு எலும்பு முண்டு தட்டுப்படும், அது பைபுலாவோட (முட்டிக்குக் கீழ வெளிப்பக்க எலும்பு) தலை. அதுக்கு சட்டுனு கீழ கழுத்துப் பகுதியைச் சுத்திதான் காமன் பெரோனியல் நெர்வ் போகுது, மேல தோலைத் தவிர பெருசா பாதுகாப்பு கிடையாது. மாவுக்கட்டு இறுக்கமா போட்டாலோ அங்க அடிபட்டாலோ நெர்வ் பாதிச்சு பாதத்தை மேல தூக்க முடியாம போயிடும், அதுதான் ஃபுட் டிராப். ஒரு டெண்டனைத் தொட ஆரம்பிச்சு இன்சர்ஷன், நெர்வ், கிளினிக்கல் மூணும் வந்துடுச்சு பாத்தீங்களா, இப்படித்தான் கோத்துப் படிக்கணும்.

கெண்டைக்கால்லயும் இதே மாதிரி பண்ணலாம். காஸ்ட்ராக்னீமியஸ் முட்டியையும் கணுக்காலையும் தாண்டுது, சோலியஸ் கணுக்காலை மட்டும். அதனால முட்டிய மடக்கிட்டு குதிகாலைத் தூக்கினா காஸ்ட்ராக்னீமியஸ் தளர்ந்துடும், சோலியஸ்தான் அதிகமா வேலை செய்யும். பின்னாடி ஃபிட்னஸ் பத்தியோ ரிஹாப் பத்தியோ படிக்கும்போது இது அடிக்கடி வரும்.

நெர்வ் சப்ளைய தசை தசையா படிக்காதீங்க, அறை அறையா (கம்பார்ட்மென்ட்) படிங்க. தொடை முன்பக்கம் ஃபெமோரல், உள்பக்கம் அப்டுரேட்டர், பின்பக்கம் சயாட்டிக். முட்டிக்குக் கீழ முன்பக்கம் டீப் பெரோனியல், வெளிப்பக்கம் சூப்பர்ஃபிஷியல் பெரோனியல், பின்பக்கம் டிபியல். இது அடிப்படை, அப்புறம் விதிவிலக்கை மட்டும் தனியா எழுதி வைங்க, ஏன்னா எக்ஸாமினருக்குப் பிடிச்சது அதுதான். உள்தொடை தசையான அடக்டர் மேக்னஸ்க்கு அப்டுரேட்டரும் உண்டு, சயாட்டிக்கோட டிபியல் பகுதியும் உண்டு. பைசெப்ஸ் ஃபெமோரிஸ்ல லாங் ஹெட்டுக்கு டிபியல், ஷார்ட் ஹெட்டுக்கு காமன் பெரோனியல். ஷார்ட் ஹெட் இஸ்கியல் டியூபராசிட்டில (உக்கார்றப்ப தரைல படற இடுப்பெலும்பு முண்டு) ஆரம்பிக்கறதும் இல்ல, இடுப்பு மூட்டைத் தாண்டறதும் இல்ல, அதனால அதை உண்மையான ஹாம்ஸ்ட்ரிங்ல (பின்தொடை தசைக் கூட்டம்) சேக்க மாட்டாங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது சார்டோரியஸ். சம்மணம் போட்டு உக்காருங்க, தொடை மடங்கி, விரிஞ்சு, வெளிப்பக்கம் திரும்பி, முட்டியும் மடங்குதில்ல, அந்த நாலும்தான் அதோட ஆக்ஷன். அது முட்டிக்கு உள்பக்கம் வந்து கிராசிலிஸ், செமிடெண்டினோசஸ் கூட சேர்ந்து டிபியால (முட்டிக்குக் கீழ உள்பக்க பெரிய எலும்பு) ஒட்டுது, பெஸ் ஆன்சரினஸ்னு பேரு. மூணு தசையும் மூணு அறைல இருந்து வருது, நெர்வும் மூணு வேற வேற. வைவால இது கட்டாயம்னே வச்சுக்கோங்க.

மூட்டுல முட்டிக்கு நேரம் ஒதுக்குங்க, லாக்கிங் அன்லாக்கிங் புரியலன்னா நகராதீங்க. பாதம் தரைல ஊனி இருக்கும்போது முட்டிய முழுசா நீட்டுற கடைசில ஃபீமர் உள்பக்கமா லேசா திரும்பி பூட்டிக்கும், அதனாலதான் நிக்கும்போது தொடைத் தசைக்கு அவ்வளவா வேலை இருக்காது, மடக்க ஆரம்பிக்கறப்ப முட்டிக்குப் பின்னாடி இருக்கற பாப்லிடியஸ் தசை ஃபீமரை வெளிப்பக்கம் திருப்பி பூட்டைத் திறக்கும். கணுக்கால்ல, பாதம் உள்பக்கமா மடங்கிச் சுளுக்கினா பெரும்பாலும் அடிபடறது ஆன்டீரியர் டாலோஃபிபுலர் லிகமென்ட் (எலும்பை எலும்போட இணைக்கற நார்), வெளிப்பக்கம் முண்டுக்கு கொஞ்சம் முன்னாடி தொட்டா வலிக்கும்.

ஸ்பாட்டர்ல (பொருளைக் காட்டி கேள்வி கேக்கற பிராக்டிகல் தேர்வு) எலும்பு குடுத்தா பேர் சொல்றதுக்கு முன்னாடி அது வலதா இடதான்னு பாத்துடுங்க. ஃபீமர்னா தலை உள்பக்கம், லினியா ஆஸ்பெராங்கற நீள வரம்பு பின்பக்கம். டிபியான்னா டியூபராசிட்டி முன்பக்கம், கீழ மல்லியோலஸ் (கணுக்கால் முண்டு) உள்பக்கம். பைபுலாதான் கஷ்டம், கீழ் நுனில உள்பக்கம் வழவழன்னு முக்கோணமா ஒரு இடம் இருக்கும், அதுக்குப் பின்னாடி ஒரு குழி, குழி பின்பக்கம் வர்ற மாதிரி பிடிச்சா எந்தப் பக்கத்துதுன்னு தெரிஞ்சுடும். எலும்பை கைல வச்சே பழகுங்க, படத்துல பாத்தா இது வரவே வராது.