ஒதுக்கப்படும்போது மூளையில் நடப்பது

கோத்தகிரியைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களின் லைன் வீடுகளில் மனத்தாங்கல் முற்றினால் பேச்சு நின்றுவிடும். கொழுந்து எடை போடும் இடத்துக்கு ஒருத்தி வந்ததும் அதுவரை கலகலத்த பேச்சு அறுந்துபோவதையும், அவள் தன் பையைத் தராசில் மாட்டி எடையைக் கேட்டுக்கொண்டு தலைநிமிராமல் விலகுவதையும் பார்த்திருக்கிறேன். “அடிச்சிருந்தாக்கூட ஆறியிருக்கும்” என்றார் அப்படி ஒதுக்கப்பட்ட ஒருவர்.

அவர் சொன்னதற்கு மூளையில் ஆதாரம் தேடிய ஆய்வு 2003-இல் வெளியானது. நவோமி ஐசன்பெர்கர் குழுவினர், மூளையின் செயல்பாட்டைப் படம்பிடிக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுத்திருந்தவர்களைத் திரையில் ஒரு பந்து விளையாட்டில் சேர்த்து, சற்று நேரத்தில் அவர்களுக்குப் பந்தே வராதபடி செய்தார்கள். கூட ஆடிய இருவரும் கணினி நிரல் என்பது ஆடியவர்களுக்குத் தெரியாது. அப்போது, உடல்வலியின்போதும் இயங்கும் ‘முன்புற சிங்குலேட் புறணி’ என்ற மூளைப் பகுதியில் செயல்பாடு கூடியது. அதிகம் நொந்தவர்களிடம் அதிகமாகவே கூடியது. மூன்று வாரம் தினமும் உடல்வலிக்கான பாராசிட்டமால் சாப்பிட்டவர்களுக்கு மனம் புண்படுவது குறைந்ததாக 2010-இல் இன்னோர் ஆய்வு சொன்னது. (மாமியார் மருமகள் சண்டைக்கு யாரும் மாத்திரை வாங்கக் கிளம்பிவிட வேண்டாம்.)

இரண்டு வலியும் ஒன்றே என்று இதிலிருந்து முடிவுகட்டுவதை நான் ஏற்கவில்லை. அந்தப் பகுதி கவனத்துக்கும் தடுமாற்றத்துக்கும்கூட இயங்குகிறது. ஓரிடம் இயங்குவதை வைத்து உணர்வு இன்னதென்று பின்னோக்கி ஊகிக்கக் கூடாதென 2006-இலேயே மூளை ஆய்வாளர் ரஸ்ஸல் போல்ட்ராக் எச்சரித்திருந்தார். 2014-இல் டோர் வேகர் குழுவினர், அதே பகுதிக்குள் இரு வலிகளின் செயல்பாட்டுக் கோலங்களும் வேறுபடுவதைக் காட்டினார்கள்.

எனக்கு நெருக்கமாகப் படுவது ஜேம்ஸ் கோன் 2006-இல் வெளியிட்ட ஆய்வு. மின் அதிர்ச்சி வரலாம் என்று காத்திருந்த 16 மணமான பெண்கள் கணவரின் கையைப் பிடித்திருந்தபோது, அச்சத்துக்கான மூளைச் செயல்பாடு தணிந்தது. முன்பின் தெரியாதவர் கையைப் பிடித்தபோதும் ஓரளவு தணிந்தது. இல்லறம் நன்றாக அமைந்தவர்கள் கணவரின் கையைப் பிடித்தபோது, மூளையின் உட்பகுதிகளான இன்சுலாவிலும் ஹைப்போதலாமஸிலும் அந்தத் தணிவு கூடுதலாகவே இருந்தது. எங்கள் பக்கத்துத் துக்க வீடுகளில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளை ஒருவர் அணைத்து அழும்போது என்ன நடக்கிறது என்பதைத்தான் இதைக் கொண்டு கேட்க விரும்புகிறேன். ஆனால் எஃப்.எம்.ஆர்.ஐ.யில் தலை அசையாமல் தனியே படுத்திருக்க வேண்டும். மூளைச் செயல்பாட்டை அகச்சிவப்பு ஒளியால் அளக்கும் தொப்பிகளை அணிந்து பலர் சேர்ந்து உட்காரலாம் என்றாலும், அந்த ஒளி புறணியின் மேற்பரப்பைத் தாண்டி ஆழத்திலுள்ள ஹைப்போதலாமஸ்வரை போவதில்லை.