பொலிசுக்குப் போகமுன் கொஞ்சம் நில்லுங்கோ

கிளிநொச்சியில் சின்னதாக ஒரு போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஆனால் கடையில் பாதி நேரம் நடப்பது கடிதம் எழுதுகிற வேலை. காணி அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ் என்று வந்த சனம் இப்போது அதிகமாக வருவது முறைப்பாடு எழுதத்தான். சம்பளம் தரவில்லை, வேலையால் நிற்பாட்டிவிட்டார்கள், சாமான் எடுத்தவர் காசு தருகிறார் இல்லை.

"தங்கச்சி, பொலிசுக்கு ஒரு கடிதம் அடிச்சுத் தாங்கோ" என்றுதான் முக்கால்வாசிப் பேர் தொடங்குவார்கள். எம்.பி.க்கும் ஒரு பிரதி போடச் சொல்வார்கள். நான் உடனே அடிக்கமாட்டேன். யார், எவ்வளவு காலம், எப்போது நடந்தது என்று கேட்பேன். நான் சட்டத்தரணி இல்லை. கடிதங்கள் எழுதி எழுதி, எந்தக் கடிதம் எந்த அலுவலகத்தில் அசைகிறது, எது கோப்புக்குள் போய்த் தூங்குகிறது என்று பார்த்துப் பழகியதுதான்.

புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு புடவைக்கடையில் நின்ற பிள்ளை ஒருத்தி வந்தாள். நாலு வருடம் நின்றவள். சித்திரை வருடப்பிறப்பு வியாபாரம் முடிந்த கையோடு "இனி வரத் தேவையில்லை" என்று முதலாளி சொல்லிவிட்டார். நியமனக் கடிதம் இல்லை, சம்பளச் சிட்டை இல்லை. பொலிசுக்குப் போயிருக்கிறாள், இது எங்கள் வேலை இல்லை என்றார்கள். பிறகு கிராம அலுவலர். பிறகு முதலாளியின் சொந்தக்காரரான கோயில் தலைவர். அவர் "பேசிப் பார்க்கிறன் பிள்ளை" என்றே மாதக்கணக்கை ஓட்டிவிட்டார். என்னிடம் வந்தபோது ஆவணி முடிந்துகொண்டிருந்தது.

எனக்கு நெஞ்சு திக்கென்றது. வேலை நீக்கத்தை எதிர்த்துத் தொழில் நியாயசபைக்கு, அதாவது வேலைப் பிணக்குகளை விசாரிக்கிற நீதிமன்றம் மாதிரியான சபைக்கு, விண்ணப்பிக்க இருக்கிற காலம் ஆறு மாதம். அதற்குப் பிறகு எவ்வளவு நியாயம் இருந்தாலும் கதவு பூட்டு. அந்தக் கோயில் தலைவருக்கு இது தெரிந்திருக்காது என்றுதான் நான் நினைக்க விரும்புகிறேன்.

சரி, கடிதம் இல்லாவிட்டால் வேலை செய்ததை எப்படிக் காட்டுவது? அவளுடைய போனை வாங்கிப் பார்த்தேன். "நாளைக்கு எட்டரைக்கு வா, புதுச் சரக்கு வருது" என்று முதலாளியின் மனைவி அனுப்பிய வட்ஸ்அப் செய்திகள். சில மாதச் சம்பளம் வங்கியில் விழுந்த குறுஞ்செய்தி. ஆயுதபூசை அன்று கடைச் சட்டையோடு எல்லோரும் நின்று எடுத்த படம். எல்லாவற்றையும் அச்சடித்துத் திகதிப்படி அடுக்கினோம். அவளை இரண்டு இடத்துக்கு அனுப்பினேன். ஊழியருக்காக மாதாமாதம் கட்டவேண்டிய சேமலாப நிதிக்கும் (ஈ.பி.எவ்) நிலுவைச் சம்பளத்துக்கும் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகம். வேலை நீக்கத்துக்கு நியாயசபை. அந்த விண்ணப்பத்தை எழுத நீதிமன்றத்துப் பக்கம் இருக்கும் சட்ட உதவி ஆணைக்குழு. வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்டத்தரணியை ஒழுங்குசெய்து தருவது அவர்கள் வேலை. தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்தாயிற்றே என்று மற்றதை மறந்துவிட்டு இருக்கக்கூடாது என்றும் சொல்லிவிட்டேன்.

சேமலாப நிதி விடயத்தில் எங்கள் பக்கத்து முதலாளிமார் சொல்லும் கதைகள் ஒரு கொப்பிக்குப் போதும். "எங்களிட்ட மூன்று பேர்தானே", "அவள் பயிற்சியில் நின்றவள்", "அவர் மூட்டைக் கணக்குக்கு வேலை செய்யிறவர், கொந்தராத்து". ஒன்றும் எடுபடாது. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம், குடும்பத்துக்கு வெளியே ஒரே ஒருவரை வைத்திருந்தாலும் கட்டவேண்டும் என்கிறது. நாட்கூலிக்கும் கட்டவேண்டும், மூட்டைக் கணக்குக்கும் கட்டவேண்டும். ஊழியரின் சம்பளத்தில் 8 வீதம், முதலாளியின் கையிலிருந்து 12 வீதம். அதோடு ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு (ஈ.ரி.எவ்) 3 வீதம், அதுவும் முதலாளிதான். 2026 ஜனவரியிலிருந்து ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபா. அந்தக் கணக்கில் ஊழியருக்கு 2,400 கழியும், முதலாளி 3,600 உம் 900 உம் போடவேண்டும். கட்டாமல் விட்டால் தண்டப்பணம் ஏறிக்கொண்டே போகும். கடைசியில் தொழில் திணைக்களம் நீதவான் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய் அறவிடும். புடவைக்கடை முதலாளி கணக்காளரையும் கூட்டிக்கொண்டு தொழில் அலுவலகத்துக்கு வந்தாராம். அந்தப் பிள்ளையின் வேலை நீக்க விண்ணப்பமும் ஆறு மாதத்துக்குள் நியாயசபைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அது இன்னும் நடக்கிறது.

பணிக்கொடை, அதாவது வேலையை விட்டுப் போகும்போது முதலாளி தரவேண்டிய காசு, பற்றியும் கேட்பார்கள். பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடமென்றால், ஐந்து வருடம் முடித்தவருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். மாதச் சம்பளம் இல்லாதவர்களுக்குப் பதினான்கு நாள் கூலி. ஆட்கள் குறைந்த இடமென்றாலும் நியாயசபையில் கேட்டுப் பார்க்கலாம். மரம் அரியும் ஆலையில் விரல் போனது போன்ற விபத்துகளுக்கு வேறு வழி: வேலையாள் நட்டஈட்டு ஆணையாளர். அந்தச் சட்டம் 1934 இலிருந்தே இருக்கிறது. ஆனாலும் எங்கள் ஊரில் விரலுக்கு நட்டஈடு என்பது முதலாளி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் அப்பிள் பையோடு முடிந்துவிடுகிறது.

முதலாளிகளைத் திட்டத்தான் இதை எழுதுகிறேன் என்று நினைக்கவேண்டாம். என்னிடம் வருபவர்களில் சின்னக் கடைக்காரரும் நிறையப் பேர். விசுவமடுப் பக்கம் உரம், மருந்து விற்கும் ஒரு அண்ணை கடன் கொப்பிகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்தார். பெரும்போகத்துக்கு உரம் கொடுத்து, வெட்டின பிறகு காசு வாங்குவதுதான் இங்கே வழமை. ஒரு வருடம் வெள்ளம், மற்ற வருடம் நெல்லுக்கு விலை இல்லை. கொடுத்தவருக்கும் கேட்க மனமில்லை, எடுத்தவருக்கும் முகம் காட்ட மனமில்லை. இப்படியே இரண்டு போகம் போய்விட்டது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. இலங்கையின் காலவதிச் சட்டப்படி கடைக்கடன், கொப்பிக்கடன், விற்ற சாமானின் காசு எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு வருடத்துக்குள் வழக்குப் போடவேண்டும். வேலை செய்த கூலிக்கும் அதே ஒரு வருடம். எழுதிக் கையெழுத்திட்ட உடன்படிக்கை அல்லது கடனுறுதிச் சீட்டு என்றால் ஆறு வருடம் வரை இருக்கிறது. அதனால் அண்ணைக்கு நான் சொன்னது: முதலில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், "இவ்வளவு தரவேண்டியிருக்கு, இந்தத் திகதிக்குத் தாறன்" என்று ஒவ்வொருவரிடமும் எழுத்தில் கையெழுத்து வாங்குங்கோ. நல்ல மனத்தோடு இருக்கிறவன் கையெழுத்துப் போடுவான். போடமாட்டேன் என்கிறவர்களின் பெயரை மட்டும் என்னிடம் கொண்டுவாங்கோ.

அப்படி மிஞ்சியவர்களுக்கு மத்தியஸ்த சபை. ஊரில் இணக்கசபை என்போம். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. குறிப்பிட்ட தொகைக்குக் குறைந்த கடன் பிணக்கென்றால் நேரே நீதிமன்றம் எடுக்காது. இங்கே போய், இணக்கம் வரவில்லை என்ற சான்றிதழோடுதான் போகவேண்டும். பெரும்பாலும் சனி, ஞாயிறில் ஒரு பள்ளிக்கூடத்தில் கூடுவார்கள். மத்தியஸ்தர் மூன்று பேர். சட்டத்தரணி உங்களுக்காகப் பேசமுடியாது, நீங்களேதான் பேசவேண்டும். தீர்ப்புச் சொல்ல அவர்களுக்கு அதிகாரம் இல்லை, பேசி ஒத்துப்போக வைப்பதுதான் வேலை. அங்கே இருப்பவர் உங்களுக்குப் படிப்பித்த வாத்தியாராகவும் இருக்கலாம், கடன்காரனுக்குப் படிப்பித்தவராகவும் இருக்கலாம். எனக்கு இதில் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. ஆனால் மூன்று வருடம் முகம் பார்க்காத இரண்டு பேர் அந்த வாங்கில் இருந்து பேசி, மாதாமாதம் கட்டுகிற கணக்கோடு எழும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கூட்டுறவுச் சங்கத்தோடு அங்கத்தவருக்குப் பிணக்கென்றால் கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களம். வயல் குத்தகை, வாய்க்கால் தண்ணீர் என்றால் முதலில் கமநல சேவை நிலையம். லீசிங்காரர் ட்ரக்டரைத் தூக்கிவிட்டால், அந்தக் கம்பனிக்கே முதலில் எழுத்தில் முறையிட்டுப் பிரதியை வைத்துக்கொண்டு, பிறகு மத்திய வங்கிக்கு எழுதலாம். வெளிநாடு போனவரின் சம்பளப் பிரச்சினை வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு. வவுனியா மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு எழுதச் சொல்லிப் பலர் வருவார்கள். அரச அலுவலகமோ அதிகாரியோ செய்ததற்கு அது சரியான இடம். தனியார் கடை முதலாளிக்கு எதிராக அங்கே எழுதினால் வேறு இடத்துக்குப் போகச்சொல்லிப் பதில் வரும், அவ்வளவுதான்.

கடைக்கு வரும்போது அடையாள அட்டை, முதலாளியின் சரியான பெயர், கடை விலாசம், வேலைக்குச் சேர்ந்த மாதம், கடைசியாக வாங்கிய சம்பளம், இவ்வளவும் இருந்தால் ஒரு மணித்தியாலத்தில் கடிதம் முடியும். விலாசம் தெரியாவிட்டால் கடையின் பெயர்ப்பலகையைப் போனில் படம் எடுத்து வாருங்கள். கடிதத்தைப் பதிவுத் தபாலில் போட்டுத் துண்டைப் பத்திரமாக வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டு.