கர்பால் கவுரும் எங்கள் ஊர்ப் பெண்ணும்

பிரிட்டன் காவல்துறையில் சேர்ந்த முதல் ஆசியப் பெண் கர்பால் கவுர் சந்து. 1943இல் கிழக்கு ஆப்பிரிக்காவின் சான்சிபார் தீவில் ஒரு சீக்கியக் குடும்பத்தில் பிறந்தவர். 1962இல் இங்கிலாந்து போய் நர்ஸ் வேலை பார்த்தார். 1971இல் லண்டன் பெருநகரக் காவல்துறையில் சேர்ந்தபோது வயது 27. கணவருக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. 1973 நவம்பரில் கணவர் கையாலேயே கர்பால் கொல்லப்பட்டார். நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது.

அதே 1973இல்தான் தமிழ்நாடு காவல்துறையிலும் முதன்முதலாகப் பெண்களை எடுத்தார்கள்.

இதை இப்போது எழுதக் காரணம், எங்கள் பென்னாகரம் பக்கத்துப் பெண் ஒருத்தி. அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலை. இவள் பாட்டியோடு இருந்து போலீஸ் தேர்வுக்குத் தயாராகிறாள். விடியற்காலையில் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு பள்ளி மைதானத்தில் வெறுங்காலோடு 400 மீட்டர் ஓடுகிறாள். குதிகால் முழுக்க வெடிப்பு, வெடிப்புக்குள் செம்மண்.

"போலீஸ்காரியை யாரு கட்டுவாங்க?" என்று சொந்தக்காரர்கள் பாட்டியைக் குடைகிறார்கள். கேட்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பாட்டி அசரவில்லை. "அவ ஓடட்டும் சாமி" என்கிறார்.

தர்மபுரி நண்பர்களே, ஆறாம் நம்பர் ஓட்டப்பயிற்சி ஷூ, பழையதானாலும் சரி, இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். அப்புறம் பொது அறிவுப் புத்தகங்களும். நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.