பயிற்சி மருத்துவர் இடம் கேட்டு இரண்டு வருடம் அலைந்த அனுபவம்

எங்கள் குழந்தைகள் பிரிவுக்கு மேற்படிப்புப் பயிற்சி மருத்துவர் இடம் இரண்டு கிடைத்துவிட்டது. உத்தரவு வந்து பதினோரு நாள் ஆகிறது, இன்னும் அந்தக் கோப்பை மேசையிலிருந்து எடுத்து உள்ளே வைக்க மனம் வரவில்லை. இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்காக, நாங்கள் எங்கெங்கே மாட்டிக்கொண்டோம் என்று எழுதி வைக்கிறேன்.

ஐந்து பேர் இருந்த பிரிவு இது. ஒரே வருடத்தில் இரண்டு பேர் போய்விட்டார்கள். சம்பளம் காரணமே இல்லை. "மேடம், போன் அடிக்குமோ அடிக்குமோன்னு பயப்படாம ஒரு ராத்திரி தூங்கணும்" என்று சொல்லிவிட்டுத்தான் ஒருவர் கிளம்பினார். விளம்பரம் கொடுத்தோம். வந்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது "நைட் எத்தனை?" என்றுதான். பதிலைக் கேட்டதும் யோசித்துச் சொல்கிறேன் என்பார்கள், அப்புறம் பேச்சே இருக்காது. வெளியிலிருந்து ஆள் வரும் என்று காத்திருப்பதை விட்டுவிட்டு, இங்கேயே ஆட்களை உருவாக்கலாம் என்று முடிவெடுத்தோம்.

படிவம், கட்டணம், படுக்கைக் கணக்கு, கருவிகள் பட்டியல் எல்லாம் ஒரு வாரத்தில் முடிந்தது. தொல்லை அதற்குப் பிறகுதான்.

மூன்று மணி நேரம் பயணம் செய்து, அனுமதி தரும் அலுவலகத்தில் கோப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தால், "இது பழைய படிவம் மேடம், போன மாசமே மாத்திட்டாங்க" என்று திருப்பித் தள்ளினார் அங்கிருந்த அலுவலர். பத்து நிமிடத்தில் திருப்பி அனுப்பப்பட்ட அந்தப் பயணத்தை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. கிளம்பும் நாள் காலையில் படிவத்தை ஒருமுறை சரிபாருங்கள். இரண்டாவது முறை போனபோது சக மருத்துவர் ஒருவருடைய பணி விடுவிப்புச் சான்று இல்லை. அவர் முன்பு வேலை பார்த்த மருத்துவமனையிலிருந்து அந்த ஒரு தாளை வாங்க நான்கு மாதம் ஆனது. இப்போதெல்லாம் யார் புதிதாகச் சேர்ந்தாலும் முதல் நாளே அதைக் கேட்டு வாங்கிவிடுகிறோம். பெயரின் எழுத்து எல்லாச் சான்றிதழிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உண்மையான அடி, அனுமதி கொடுக்கும் முன் எங்கள் பிரிவைப் பார்வையிட வந்த ஆய்வு நாளன்று விழுந்தது. பிரசவ அறையில் எத்தனை குழந்தைகளுக்கு உங்கள் பிரிவு மூச்சு கொடுத்தது, ஆதாரம் எங்கே என்று கேட்டார்கள். என்னிடம் இல்லை. பிறக்கும் பத்துக் குழந்தைகளில் ஒன்றுக்கு மூச்சைத் தொடங்க ஏதாவது ஓர் உதவி தேவைப்படும். நெஞ்சை அழுத்துவது, மருந்து கொடுப்பது என்று போவது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. ஆனால் எந்தக் குழந்தைக்கு எது தேவைப்படும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அந்த முதல் நிமிடத்தில் கை பழகிய ஒருவர் பக்கத்தில் நின்றாக வேண்டும். நாங்கள் நின்றிருக்கிறோம், வருடக்கணக்காக. எங்கள் பதிவேட்டில்தான் ஒரு வரி இல்லை. எல்லாம் பிரசவ அறை நோட்டில், அம்மாக்களின் பெயரில் கிடந்தது.

ஆவண அறையில் போய்க் கேட்டால், "அது உங்க டிபார்ட்மென்ட் நோட்டு இல்லையே" என்று மறுத்துவிட்டார்கள். மகப்பேறு பிரிவுத் தலைவரிடம் கடிதம் வாங்கிப் போனேன், சாவி வைத்திருப்பவர் லீவு. மறுவாரம்தான் நோட்டுகள் கைக்கு வந்தன. மூத்த சிஸ்டர் ஒருவர் தன் ஓய்வு நாளில் வந்து உட்கார்ந்தார். மூன்று ஞாயிற்றுக்கிழமை பக்கம் பக்கமாகப் புரட்டினோம். ஓரத்தில் பென்சிலில் இருக்கும்: "2.40 குழந்தை டாக்டருக்கு அழைப்பு. 2.43 வந்தார். 2.45 அழுதது."

கீழே கையெழுத்து யாருடையது என்று எண்ணிக்கொண்டே போனபோது ஒரு மாதத்தில் நின்றுவிட்டேன். இரண்டு பேர் விடுப்பில் இருந்த மாதம் அது. வேலையை விட்டுப்போன அந்த மருத்துவரின் கையெழுத்து மட்டும் 14 ராத்திரிகளில் இருந்தது. பகலில் என் பக்கத்து அறையில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். எனக்குத் தெரியவே இல்லை. அன்று சிஸ்டர் முன்னாலேயே அழுதுவிட்டேன்.

அந்தக் கணக்கை ஒரே தாளில் எழுதி ஆய்வுக்கு அனுப்பினேன். இன்னொரு நகலை நிர்வாகத்திடம் கொண்டுபோனேன். ராத்திரி வேலைக்கு மறுநாள் விடுப்பு வேண்டும் என்று இரண்டு முறை வாயால் கேட்டு மறுக்கப்பட்டது, அந்தத் தாளை வைத்ததும் ஒரே கூட்டத்தில் சம்மதமானது. முதலிலேயே எண்ணியிருந்தால் அந்த இருவரில் ஒருவராவது இருந்திருப்பார்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ராத்திரியை நிரப்ப ஆள் என்று நினைத்துப் பயிற்சி மருத்துவர்களைக் கேட்காதீர்கள். மறு ஆய்வுக்கு வந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டது, பயிற்சி மருத்துவர் ராத்திரி கூப்பிட்டால் எந்த மூத்தவர் வருவார் என்பதைத்தான். சரியான கேள்வி. குழந்தைக்கு மருந்து அதன் எடையை வைத்துத்தான் கணக்கு. பெரியவர்களுக்குப் பத்து மடங்கு தவறாகக் கணக்குப் போட்டால் பத்து ஊசிக் குப்பி உடைக்க வேண்டியிருக்கும், கையே நின்றுவிடும். மூன்று கிலோ குழந்தைக்குப் புள்ளி ஓரிடம் தள்ளிப்போனால், அந்தப் பத்து மடங்கும் பெரும்பாலும் ஒரே குப்பிக்குள் அடங்கிவிடும். பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அதனால் ராத்திரிப் பட்டியலில் பயிற்சி மருத்துவர் பெயருக்கு எதிரே மூத்தவர் பெயரையும் எழுதிக் கொடுத்தோம். அதன் பிறகுதான் உத்தரவு வந்தது.

இப்போது பிரசவ அறையில் எங்களுக்கென்று ஒரு நோட்டு, பிறந்த குழந்தைக்குச் சூடு கொடுக்கும் வார்மர் பக்கத்தில் கயிறு கட்டித் தொங்குகிறது. மாதக் கடைசியில் நகல் எடுத்து எங்கள் அலமாரியில் வைக்கிறோம்.

நேற்று, விட்டுப்போன அந்த மருத்துவரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷப்பட்டார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "நைட் எத்தனை மேடம்?" என்றார். நான்கில் ஒன்று, மறுநாள் விடுப்பு, எழுத்தில் இருக்கிறது என்றேன். திங்கட்கிழமை வந்து பார்க்கிறேன் என்றிருக்கிறார்.