பிஸ்மார்க்கை நேராக ஓட்டிய கதை

நேற்று ராத்திரி பதினொன்றரை மணிக்கு என் இசைத்தட்டில் அமெரிக்கக் கன்ட்ரி பாடகர் ஜானி ஹார்ட்டன் ஒருவழியாகத் தள்ளாடாமல் பாடினார். மூன்று வாரமாக, குடித்துவிட்டுப் படகில் நின்று பாடுகிறவர் மாதிரிதான் பாடிக்கொண்டிருந்தார்.

தட்டு 'சிங்க் த பிஸ்மார்க்', 1960, அமெரிக்கக் கொலம்பியா நிறுவன வெளியீடு, ஏழு அங்குலம். பிஸ்மார்க் என்பது இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ்காரர்கள் மூழ்கடித்த ஜெர்மன் போர்க்கப்பல். கன்ட்ரி பட்டியலில் 6 வரை போன பாட்டு, இசை இதழான பில்போர்டின் பொதுப் பட்டியலில் 3 வரை ஏறிவிட்டது. நிறைய விற்றிருக்கிறது என்பதால் இன்றைக்கும் விலை மலிவு. அனுப்பியவர் அட்டை கூட வைக்காமல் வெறும் கவரில் போட்டு அனுப்பியிருந்தார். உடையாமல் வந்ததே பெரிய விஷயம். கழுவிப் பார்த்தால் கீறல் அதிகமில்லை. ஆனால் குரல் நீளும் இடத்திலெல்லாம் சுருதி மேலே போய்க் கீழே வருகிறது. ராணுவ நடைபோல் தாளம் கொட்டும் இடத்தில் தெரியாது. சொல்லை இழுத்து நிறுத்தும் இடத்தில் காது கூசும்.

முதல் வாரம் முழுக்க டர்ன்டேபிள் மேலேயே சந்தேகம். பெல்ட்டை மாற்றினேன், மோட்டாருக்கு எண்ணெய் விட்டேன், வேகத்தை ஸ்ட்ரோப் வைத்துச் சரிபார்த்தேன். அப்புறம் சும்மா தட்டைத் திருப்பிப் போட்டேன். பின்பக்கத்துப் பாட்டு கத்தி மாதிரி நேராக ஓடியது! அன்றைக்கே விஷயம் புரிந்திருக்க வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் அச்சு வேறு வேறு. முன்பக்க அச்சு மட்டும் நடு விலகி உட்கார்ந்திருக்கிறது, அதாவது பள்ள வளையங்களின் நடுவும் ஓட்டையின் நடுவும் ஒன்றல்ல.

டோன்ஆர்மை, அதாவது ஊசியைத் தாங்கும் கையை, மேலிருந்து பார்த்தால் பாட்டு ஓடும்போதே முனை உள்ளும் வெளியுமாக ஆடுகிறது. ஸ்கேல் வைத்துப் பார்த்ததில் மொத்த ஆட்டம் 1.5 மி.மீ. அதாவது நடு விலகல் 0.75. தட்டின் வெளியோரத்தில் ஆரம் சுமார் 84 மி.மீ., அங்கே வேகம் 0.9 சதவீதம் கூடிக் குறையும். பாட்டு முடியும் இடத்தில் ஆரம் 54க்குப் பக்கம் வந்துவிடும், அங்கே 1.4 சதவீதம். அரைஸ்வரத்தில் கால்வாசி ஏற்றம், கால்வாசி இறக்கம், 1.33 வினாடிக்கு ஒருமுறை. கப்பல் மூழ்க மூழ்க ஆட்டம் கூடியது ஏன் என்று இப்போது தெரிகிறதா?

கப்பல் என்றதும் ஒரு புலம்பல். அதே பெயரில் வந்த பிரிட்டிஷ் படத்தை அமெரிக்காவில் விளம்பரப்படுத்த உதவிய பாட்டு இது, படத்துக்குள் கிடையாது. ஹார்ட்டனும் அவருடைய மேலாளர் டில்மன் ஃபிராங்க்ஸும் எழுதியது. 1941 மே மாதம் போர் அப்போதுதான் தொடங்கியது என்று ஆரம்பிக்கிறார்கள். பிரிட்டனுக்குப் போர் தொடங்கி அப்போது ஒன்றரை வருஷம் தாண்டிவிட்டது! அதைக்கூட விட்டுவிடலாம். பிஸ்மார்க் மூழ்கடித்த பிரிட்டிஷ் கப்பல் ஹூட் போனது இருக்கிறது, சர்ச்சில் இருக்கிறார், ஆனால் ஸ்வோர்ட்ஃபிஷ் விமானங்கள் பற்றி ஒரு சொல் இல்லை. மே 26 அன்று விமானந்தாங்கிக் கப்பல் ஆர்க் ராயலிலிருந்து போன அந்தப் பழைய இரட்டை இறக்கை விமானங்களின் டார்பிடோ ஒன்றுதானே சுக்கானைச் சிக்க வைத்தது? இடப்பக்கம் 12 டிகிரியில் மாட்டிக்கொண்டு, பிஸ்மார்க் நேராகப் போக முடியாமல் வளைந்து வளைந்து சுற்றியது. மறுநாள் காலை கதை முடிந்தது. அந்தச் சுற்றல் பாட்டில் இல்லாத குறையை என் தட்டு தீர்த்து வைத்தது.

பிஸ்மார்க் மேல் கடைசி டார்பிடோக்களை விட்ட பிரிட்டிஷ் கப்பல் டார்செட்ஷையர், அடுத்த வருஷம் ஏப்ரல் 5 அன்று நம் பக்கத்தில், இலங்கைக்குத் தென்மேற்கே ஜப்பான் விமானங்களிடம் மாட்டி மூழ்கியது. அதைப் பற்றி யாரும் பாட்டு எழுதினார்களா என்று தேட வேண்டும்.

சரி, வேலைக்கு வருகிறேன். மென்பொருளில் சுருதியை வளைத்துச் சரிசெய்யப் பார்த்தேன். குரல் ஒழுங்கானது, டிரம் தகர டப்பா ஆனது. ஒரு வாரம் வீண்.

கடைசியில் கைகொடுத்தது உப்புத்தாள். இந்த வகைத் தட்டின் பெரிய நடு ஓட்டையை நிரப்பும் வில்லையான அடாப்டர் 38 மி.மீ. (பிஸ்மார்க் பீரங்கி வாய் 38 செ.மீ., கவனிக்க!). தட்டு அதில் கச்சிதமாக உட்காருவதுதான் தொல்லையே. இருபது ரூபாய் பிளாஸ்டிக் அடாப்டர் ஒன்றை 120 நம்பர் தாளில் சுற்றிச் சுற்றித் தேய்த்து 36க்குக் கொண்டுவந்தேன். இனி தட்டைத் தள்ளி வைக்க இடம் உண்டு. லேபிளில் சின்னக் காகிதத் துண்டு ஒட்டி, ஆர்ம் எப்போது வெளியோரமாக அதிகம் போகிறது என்று பார்த்து, ஊசியைத் தூக்கிவிட்டு, அந்தப் பக்கத்து விளிம்பைப் பென்சில் பின்முனையால் உள்நோக்கித் தட்ட வேண்டும். முதல் ஒரு மணி நேரம் எதிர்ப்பக்கம் தட்டிக்கொண்டிருந்தேன். ஆட்டம் மூன்று மில்லிமீட்டரைத் தாண்டியபோதுதான் புத்தி வந்தது. அம்மா எட்டிப் பார்த்து, "அந்தக் கப்பல் இன்னும் முழுகலையாடா?" என்றார்.

இன்னொன்று, தட்டுக்கு அடியில் போடும் ஃபெல்ட் விரிப்பில் இது நடக்காது. பாதிப் பாட்டில் தட்டு நகர்ந்துவிடுகிறது. ரப்பர் விரிப்பு போட்டதும் நின்றது. இப்போது ஆட்டம் கால் மில்லிமீட்டருக்கும் கீழே.

கிளிக் சத்தங்களை இன்னும் எடுக்கவில்லை, ஹூட் மூழ்கும் வரிக்கு அருகில் மட்டும் நான்கு இருக்கின்றன. அதற்குள் ஜிம்மி டீனின் 1962 தட்டு, பின்னாளில் அமெரிக்க அதிபரான கென்னடியின் போர்க்காலப் படகு பிடி-109 பற்றியது, ஒருவரிடம் இருப்பதாகத் தகவல் வந்திருக்கிறது. இந்தத் தடவை அட்டை வைத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். ஓட்டை நடுவில் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் இன்னும் பதில் போடவில்லை.