செல்டா: பேச்சைக் குறைத்த பிறகுதான் தேறினேன்

போன வாரம் செல்டா (இங்கிலீஷ் கற்பிப்பதற்கான கேம்பிரிட்ஜ் சான்றிதழ் படிப்பு) ரிசல்ட் வந்தது. பாஸ் பி, அதாவது சாதாரண பாஸுக்கு ஒரு படி மேல். அன்று ராத்திரிதான் நிம்மதியாகத் தூங்கினேன். வெளிநாட்டில் இங்கிலீஷ் ஆசிரியராகப் போக நினைத்து இந்த நாலு வாரப் படிப்பில் சேரப் போகிறவர்களுக்காக, மறந்துபோகும் முன் எழுதிவிடுகிறேன்.

எனக்கு இலக்கணம் நன்றாக வரும். என்னைக் கவிழ்க்கப் பார்த்தது அதுதான். மூன்றாவது டீச்சிங் பிராக்டிஸில், அதாவது நிஜ மாணவர்களுக்கு நடத்தும் பயிற்சி வகுப்பில், பாடம் 'யூஸ்டு டு': முன்பு இருந்து இப்போது விட்டுப்போன பழக்கத்தைச் சொல்வது. பலகை நிறைய எழுதி விளக்கினேன். "புரிந்ததா?" என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். பயிற்சித் தாளை வாங்கிப் பார்த்தால், பாதிப் பேர் அதை இன்றைக்கும் தொடர்கிற பழக்கம் என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த ட்யூட்டர் நான் பேசிய நேரத்தைக் குறித்து வைத்திருந்தார்: 45 நிமிடத்தில் 29. முடிவு, 'நாட் டு ஸ்டாண்டர்ட்', தேவையான தரத்தில் இல்லை.

அடுத்த பாடத்திலிருந்து "புரிந்ததா?" என்ற கேள்வியையே விட்டுவிட்டேன். 'ஹி யூஸ்டு டு ஸ்மோக்' என்றால் மூன்றே கேள்வி. முன்பு புகைபிடித்தாரா? ஆமாம். ஒரே ஒரு தடவையா? இல்லை, பல தடவை. இப்போது பிடிக்கிறாரா? இல்லை. அவ்வளவுதான், விளக்கமே தேவைப்படவில்லை. பொருள் புரிந்ததா என்று சோதிக்கும் இந்தக் கேள்விகளுக்கு சிசிக்யூ என்று பெயர். இவற்றைப் பாடத்திட்டத்திலேயே விடையோடு எழுதி வையுங்கள். வகுப்பில் நின்றுகொண்டு யோசித்தால் வராது. மற்ற எதைக் கோட்டைவிட்டாலும் இதை விடாதீர்கள்.

மற்றவை சுருக்கமாக:

- செய்ய வேண்டியதைச் சொல்லி முடித்த பிறகு தாளைக் கொடுங்கள். தாள் கைக்குப் போய்விட்டால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.
- மொத்தமுள்ள நாலு அசைன்மென்ட்களில் ஒன்றான 'ஃபோகஸ் ஆன் தி லேர்னர்' (மாணவரைப் பற்றிய கட்டுரை) எழுத மாணவரிடம் பேச வேண்டும். முதல் வாரமே பேசிவிடுங்கள். எழுதியதை ட்யூட்டர் திருப்பிக் கொடுத்தால் பதற வேண்டாம், ஒருமுறை திருத்தித் தரலாம்.
- அனுபவமுள்ள ஆசிரியர்களின் வகுப்பைப் பார்க்கும் அந்த 6 மணி நேரத்தில், அவர்கள் கட்டளை சொல்லும் வாக்கியங்களை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். எனக்குப் புத்தகங்களைவிட அதுதான் உதவியது.
- கூடிப் படிப்பது எனக்கு ஒத்துவரவில்லை. விடியற்காலையில் தனியாக உட்கார்ந்துதான் பாடம் தயாரித்தேன்.

இன்னொன்று, இதில் எனக்கு இன்னும் மனக்கசப்பு உண்டு. சான்றிதழ் மட்டும் இருந்தால் போதாது. பல நாடுகள் வேலை அனுமதிக்குப் பட்டப்படிப்பு, போலீஸ் நன்னடத்தைச் சான்று இரண்டையும் கேட்கும். அவற்றில் அப்போஸ்டில் முத்திரையும் வேண்டும், அதாவது ஆவணம் உண்மையானது என்று அதைத் தந்த நாட்டு அரசு தரும் சான்று. அந்த முத்திரையை ஏற்கும் ஹேக் ஒப்பந்தத்தில் சேராத நாடு என்றால் தூதரக அத்தாட்சி. நான் படிப்பு முடிந்த பிறகுதான் இதைத் தொடங்கினேன். காகிதம் வந்து சேர்வதற்குள் ஒரு பள்ளி வேறு ஆளை எடுத்துக்கொண்டது. படிப்பில் சேரும் முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள். நாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது சம்பளத்தைப் பிறகு பார்க்கலாம், முதலில் உங்கள் பாஸ்போர்ட்டுக்கு அங்கே இடம் உண்டா என்று பாருங்கள். தென் கொரியாவில் மொழி ஆசிரியர்களுக்குத் தரும் இ-2 விசா பெரும்பாலும் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென் ஆப்பிரிக்கா குடிமக்களுக்குத்தான். எவ்வளவு நன்றாகப் பாடம் நடத்தினாலும் அந்தக் கதவு மற்றவர்களுக்கு எளிதில் திறக்காது. இது தெரியாமல் இரண்டு மாதம் விண்ணப்பம் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

இப்போது வேறொரு நாட்டுப் பள்ளியில் கூப்பிட்டிருக்கிறார்கள். நாளைக்கு ஆன்லைனில் 20 நிமிட டெமோ வகுப்பு. பாடத்திட்டத்தில் நான் பேசுவதற்கு 4 நிமிடம்தான் வைத்திருக்கிறேன்.