இருபது கோடி ஆண்டு உச்சமும் வெறும் வானமும்

ஆய்விதழிலிருந்து என் கட்டுரை திரும்பி வந்து மூன்று மாதம் ஆகிறது. இப்போதுதான் எரிச்சல் இல்லாமல் எழுத முடிகிறது. சரி, கொஞ்சம் எரிச்சலோடுதான்.

நம் பால்வீதிக்கு அருகிலுள்ள இரு சிறு விண்மீன் மண்டலங்களான பெரிய, சிறிய மகல்லன் மேகங்கள் எப்போதெல்லாம் நெருங்கி வந்து ஒன்றையொன்று இழுத்தன என்று விண்மீன் கொத்துகளின் வயதை வைத்துப் பிடிக்கும் வேலை. நெருங்கும்போது வாயு அமுங்கும், கொத்துகள் கும்பலாகப் பிறக்கும். ஒரு பட்டியலில் வல ஏற்றம் (வானில் கிழக்கு-மேற்கு இடத்தைச் சொல்லும் எண்) மணியிலும் இன்னொன்றில் பாகையிலும் இருந்ததைக் கவனிக்காமல் ஒரு வாரம் வீணானது. மற்றபடி விண்மீன்களின் நிறம்-பிரகாசப் படம் போடுவதும், ஒரே வயது விண்மீன்கள் அதில் விழ வேண்டிய சமவயதுக் கோட்டைப் பொருத்தி வயது பார்ப்பதும் சிக்கலின்றி முடிந்தன.

முடிவில் கொத்துகளின் எண்ணிக்கையில் 20 கோடி ஆண்டு வயதில் அழகான உச்சம். இரு மேகங்களும் கடைசியாக மோதிக்கொண்டதாகச் சொல்லப்படும் காலமும் ஏறக்குறைய அதுதான். அன்றே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எதிர்பார்த்த விடை கையில் வந்து விழுந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

மதிப்பாய்வாளர் இரண்டே வரி எழுதினார்: கொத்துகளைச் சுற்றிப் போட்ட அதே அளவு வட்டங்களைக் கொத்தே இல்லாத பக்கத்து வானத்திலும் போட்டு, இதே நிரலை ஓட்டிப் பாருங்கள். முதலில் கோபம்தான் வந்தது. இரவு பதினொரு மணிக்கு ஓட்டினேன். வெறும் வட்டங்களிலும் அதே உச்சம், கிட்டத்தட்ட அதே உயரத்தில்.

கயா விண்வெளித் தொலைநோக்கி அளந்த விண்மீன் நகர்வுத் தரவை வைத்து நம் பால்வீதி விண்மீன்களை நீக்கிவிட்டேன், படம் சுத்தம் என்று நம்பியிருந்தேன். ஆனால் மேகத்தின் சொந்த விண்மீன்கள் கொத்தோடு சேர்ந்தே நகர்கின்றன, 1.6 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில் அந்தச் சிறு வித்தியாசத்தைக் கயாவாலும் பிரிக்க முடியாது. பக்கத்து வானத்தைப் புள்ளிவிவர முறையில் கழித்தே ஆக வேண்டும். கழித்த பிறகு, பட்டியலில் கொத்து என்று இருந்த சில, தற்செயலாகச் சேர்ந்து தெரிந்த விண்மீன்கள் என்றே ஆகிவிட்டன.

அப்புறம் இன்னொரு பள்ளம். சிறிய மேகம் முழுவதற்கும் ஒரே தொலைவு, 2 லட்சம் ஒளியாண்டு, என்று வைத்திருந்தேன். பெரிய மேகத்தின் ஈர்ப்பு அதை நம் பார்வைக் கோட்டில் நீட்டி வைத்திருக்கிறது. கிழக்குப் பக்கத்தில் ஒரு பகுதி நமக்கு நன்றாகவே அருகில் இருக்கிறது. அருகில் இருப்பது பிரகாசமாகத் தெரியும், அதனால் வயது குறைவாக வரும். நான் தேடிய மோதலே என் அளவீட்டைக் கெடுத்திருந்தது!

இதில் இறங்குபவர்கள் விடை தெரிந்த கொத்துகளில் முதலில் சோதித்துக்கொள்ளுங்கள். சிறிய மேகத்தின் மிகப் பழைய கொத்தான என்ஜிசி 121 சுமார் 1,050 கோடி ஆண்டு காட்ட வேண்டும். பெரிய மேகத்தில் சுமார் 300 கோடிக்கும் 1,000 கோடி ஆண்டுக்கும் இடைப்பட்ட வயதில் கொத்துகள் கிட்டத்தட்ட இல்லை. அந்த இடைவெளியில் உங்களுக்குக் கொத்துகள் குவிந்தால் கொண்டாட வேண்டாம், நிரலைப் பாருங்கள்.

எல்லாம் திருத்தியபின் உச்சம் பாதியாகக் குறைந்தது. மறையவில்லை. அந்த வெறும் வட்டங்களின் படம்தான் இப்போது கட்டுரையின் முதல் படம்.